கித்தான் ஜடையும் டுரியான் வாசமும்

அதத்தான் சொல்ல வரேன் ஸ்டெல்லா, பதினோராவது மாடிக் கல்யாணத்துல பொண்ணு தலையில இருந்தது பூவே இல்ல. பிளாஸ்டிக். நான் ஆசீர்வாதம் பண்ற சாக்குல குனிஞ்சு மோந்து பாத்துட்டேன். புது மழக்கோட்டு வாசம். பொண்ணோட அம்மா என்னைப் பாத்துட்டு, "ஆன்லைன்ல வாங்கினது ஆன்ட்டி, வாடவே வாடாது"ங்குது. வாடாதுதான். வாடுறதுக்கு அது என்னைக்கு மலர்ந்துச்சு?

உள்ள வா, செருப்ப அங்கேயே விடு. கையில என்ன டப்பா? டுரியான் பழமா? உன் வீட்டுக்காரர் ஜொகூர்லேர்ந்து கொண்டாந்தாரா? நல்லாருக்கட்டும் அந்த மனுஷன். அடுப்படியில எங்கயாவது வச்சுட்டு வந்து உக்காரு. எனக்கு முட்டி வலி, நான் எந்திரிக்கல.

என்ன கேட்ட? ஆமா, உன் மக ஜெனி. பேங்க் வேலைய விட்டுட்டு கேக்கு செஞ்சு விக்கப் போறாளாம், நீ ஜெபமாலைய உருட்டிக்கிட்டு உக்காந்திருக்க. "கமலாக்கா எந்தத் தைரியத்துல வேலைய விட்டாங்கன்னு கேட்டுட்டு வாம்மா"ன்னு அவளே அனுப்பி விட்டாளாக்கும். நல்ல பொண்ணு. கேக்கத் தெரிஞ்சவ பொழச்சுக்குவா. எனக்குத் தைரியம்லாம் ஒன்னும் இல்ல ஸ்டெல்லா. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால எதையும் எழுதிப் பாத்துப் பயப்படுற பழக்கமும் கிடையாது.

நான் தேக்கா கடைத்தெருவுல ஒரு பூக்கடையில வேல பாத்தேன். கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த புதுசுலேயே சேந்துட்டேன். பூக்கட்டப் பழகினத சொல்ல ஒன்னும் இல்ல, எல்லாரும் பழகுற மாதிரி விரல் வீங்கிப் பழகினேன். கோயிலுக்குப் பக்கத்துல கடை. கடைக்கு முன்னாடி நடைபாதையில வரிசையா மரப்பலகை போட்டு நாங்க பொம்பளைங்க உக்காந்து கட்டுவோம். என் பலகை தூணோரத்துல. சாஞ்சுக்கலாம். அந்த இடத்துக்கு வரவே எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு.

முதலாளி பேரு கோவிந்தன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. நீ ஒரு மால கட்டி முடிச்சன்னு வையி, அவர் வந்து ரெண்டு விரலால அத தூக்குவாரு. ஒரே ஒரு உதறு. ஒரு பூ உதிரலன்னா ஆணியில மாட்டிட்டுப் போய்டுவாரு. ஒன்னு உதிந்துச்சுன்னு வையி, மாலைய உன் மடியில வச்சுட்டு, உதிந்த பூவ அது மேல வச்சுட்டு, பேசாம போய்டுவாரு. திட்டியிருந்தா கூட சோறு எறங்கும். அந்த ஒத்தப் பூவப் பாத்தா எறங்காது.

மல்லிக மொட்டு மெட்ராஸ்லேர்ந்து பிளேன்ல வரும். அப்ப ஏர்போர்ட்டு பாய லேபார்ல. ஈரத்துணி சுத்தி, கூடையில, கண்ணு தெறக்காத குழந்த மாதிரி வரும். காத்துப் பட்டா மலந்துடும், மலந்தா அவ்ளோதான், கல்யாணத்துக்கு ஆகாது. நான் கூடையப் பிரிக்கும்போது எங்க வீட்டுக்காரர நெனச்சுக்குவேன், அவரும் தூக்கத்துல போர்வைய இழுத்தா கண்ண மூடிக்கிட்டே கையத் துழாவுவாரு. சரி, அது வேற கத.

கல்யாணப் பொண்ணுங்களுக்கு ஜடை தைக்க என்னத்தான் அனுப்புவாரு. இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு அது தெரியாது. பொண்ண ஸ்டூல்ல உக்கார வச்சு, பின்னின முடி மேலேயே ஊசி நூல வச்சு மொட்டு மொட்டா தைக்கணும். கழுத்துலேர்ந்து ஆரம்பிச்சு குஞ்சலம் வரைக்கும். தலைக்குப் பின்னாடி ஒருத்திதான் உக்கார முடியும். அந்தப் பொண்ணு கழுத்தக் குனிஞ்சா குனிஞ்சதுதான். தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. சுத்தி வீட்டுப் பொம்பளைங்க கேலி பேசிக்கிட்டு, ஆளுக்கு ரெண்டு பூ தச்சு விடுவாங்க, அது ஒரு வழக்கம். ஊசி குத்தினா "மாமியார நெனச்சியா"ன்னு சிரிப்பாங்க. குயின்ஸ்டவுன்ல ஒரு பொண்ணு அப்படியே முன்னால சாஞ்சு மயங்கி விழுந்துடுச்சு. மேளக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க, பொண்ணு தரையில கெடக்கு, நான் அப்பவும் ஜடைய கையில புடிச்சிருக்கேன், பூ நசுங்கிடக் கூடாதுன்னு. பொண்ணுக்கு தண்ணி தெளிக்கிறப்போ எனக்கு மனசுல பட்டுச்சு. இந்த ஜடை எதுக்கு தலையில இருந்துக்கிட்டே வளரணும்? தனியா தச்சு எடுத்துட்டு வந்து, ரிப்பன் மாதிரி கட்டி விட்டா என்ன?

அன்னைக்கே முதலாளிகிட்ட சொன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

"அம்மனுக்கு செய்யலாம் கமலா. அம்மன் குத்தம் சொல்லாது. கல்யாண வீட்டுப் பொம்பளைங்க விட மாட்டாங்க."

"ஏன் முதலாளி?"

"அவங்களுக்கு என்ன வேல இருக்கும் அப்புறம்?"

எனக்கு அப்ப அது வெளங்கல. எனக்கு வெளங்கினது ஒன்னே ஒன்னுதான், இத செஞ்சே ஆகணும். தோ பாயோவுல எங்க ஃபிளாட்டுக்குப் போனதும் சப்பாத்து, அதான் ஷூ வாங்கின அட்டை டப்பாவ நீட்டமா வெட்டி, அதுல தச்சேன். ஈரம் பட்டதும் அட்டை தொவண்டு, நாக்கு மாதிரி தொங்கிடுச்சு. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு, "என்ன, பொண்ணுக்கு வாலு செய்யிறியா"ங்கறாரு. அவர் ஆர்பர்ல கப்பலுக்கு மூட்ட தூக்குற வேல. "ஜடைக்கெல்லாம் ஒரு கம்பெனியாடி? நாளைக்கு மீசைக்கு ஒரு கம்பெனி வைப்ப போல." சிரிச்சா சிரிக்கட்டும்னு அடுத்து வாழப்பட்டையில தச்சேன். அழகா வந்துச்சு. முதலாளிகிட்ட கொண்டு போனேன். ரெண்டு விரலால தூக்கினாரு, ஒரு உதறு. பட்ட காஞ்சு சுருங்கிப் போயிருக்கு, நூலெல்லாம் லூசு. ஒரு வரிசையே பொலபொலன்னு கொட்டுச்சு. அத்தனையும் பொறுக்கி என் மடியில வச்சுட்டுப் போய்ட்டாரு.

நான் அழுதேன்னு நெனைக்காத. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. வேட்டித்துணியில தச்சேன், கொழகொழன்னு சுருண்டுச்சு. பாயக் கிழிச்சுத் தச்சேன், அது கழுத்தக் குத்துச்சு. ஒரு நாளு எங்க வீட்டுக்காரர் வேல முடிஞ்சு வந்து, என் முன்னாடி ஒரு சுருள வீசுனாரு. கப்பல்ல சரக்கு மூடுற கித்தான். கிழிஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்டதாம், கேட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. "மழையில கெடந்தாலும் தொவளாது, வெயில்ல கெடந்தாலும் சுருங்காது. உன்ன மாதிரி"ன்னாரு. அவர் வாயில வந்த நல்ல வார்த்தை எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான்.

கித்தான்ல தச்ச ஜடைய முதலாளி ஒருவாட்டி உதறினாரு. திருப்பிப் போட்டு இன்னொருவாட்டி உதறினாரு. அப்புறம் ஆணியில மாட்டினாரு ஸ்டெல்லா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

தீபாவளிக் கூட்டத்துல அந்த ஜடைய நானே மாட்டிக்கிட்டு தேக்கா முழுக்க நடந்தேன். ரெண்டு பிள்ள பெத்தவ கல்யாண ஜடையோட கறிவேப்பில வாங்கப் போனா எப்படி இருக்கும்? எல்லாரும் பாத்தாங்க. ஒரு பொண்ணு பின்னாலேர்ந்து வந்து புடிச்சே இழுத்துட்டா. ராதான்னு பேரு, ஆஸ்பத்திரியில நர்ஸு.

"அக்கா, இது முடியிலயே தச்சதா, மாட்டினதா?"

"மாட்டினது. நீ இழுத்ததுல என் கழுத்துதான் வருது, ஜடை வரல பாரு."

"எனக்குத் தையில கல்யாணம். மூணு மணி நேரம் என்னால குனிஞ்சு உக்கார முடியாது. எனக்கு இதுதான் வேணும்."

அவளுக்கு வேணும். அவ அம்மாவுக்கு வேணாம். அவ அம்மா சரஸ்வதியம்மாள நீ பாத்ததில்ல. கோயில் பெண்கள் குழுவுக்கே அவங்கதான் தலைவி. அவங்க ஒரு கல்யாணத்துல சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னா, சாயங்காலத்துக்குள்ள கேலாங் வரைக்கும் தெரிஞ்சுடும். என்னைக் கூப்பிட்டு விட்டாங்க.

"செஞ்சு வச்ச ஜடைய மாட்டிக்கிட்டு வர்றதுக்கு என் பொண்ணு என்ன நாடகத்துலயா நடிக்கிறா, பூக்காரம்மா?"

"இல்லம்மா, பொண்ணு மயங்காம மணவறைக்கு வரும்."

"நாங்கெல்லாம் மயங்கினோமா?"

ராதா பிடிவாதத்துல கடைசியா சரின்னாங்க. ஆனா சொல்லி வச்சாங்க. "நல்லா இருந்தா நானே பத்துப் பேருக்கு சொல்றேன். நல்லா இல்லன்னா அதையும் நானே சொல்றேன்."

முதலாளிகிட்ட போயி, நான் தனியா செய்யலாம்னு இருக்கேன்னு சொன்னேன். அவர் வெத்தலைய மடிச்சுக்கிட்டே இருந்தாரு. "இந்தக் கல்யாணம் நல்லபடியா முடியட்டும், நீ போ. முடியலன்னா வந்து இதே பலகையில உக்காரு, நான் ஒன்னும் கேக்க மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஜடைப் பேச்சு எடுக்கக் கூடாது." நியாயமாத்தான் சொன்னாரு. ஆனா எனக்கு அந்தப் பலகைய இனிமே பாக்கவே புடிக்கல. தூண்ல சாஞ்சே முதுகு வளைஞ்சு போயிடும்னு தோணுச்சு.

இப்பத்தான் கேளு, ஜெனிக்கு இத மறக்காம சொல்லு.

கல்யாணத்துக்கு முந்தின நாளு சாயங்காலமே ஜடைய முடிச்சுட்டேன். அப்படி ஒரு ஜடை நான் அதுக்கு முன்னாடி தச்சதில்ல. கரும்பு கணு மாதிரி இடையிடையில கனகாம்பரம், நடுவுல ரோஜா. அத மொட்டாவே காலை வரைக்கும் காப்பாத்தணும். எங்க வீட்டுல ஃபிரிட்ஜு கிடையாது. பக்கத்து வீட்டு ஆ மெய்கிட்ட இருந்துச்சு. சீனப் பொம்பள, தங்கம். எங்களுக்குள்ள மலாய்தான், அதுவும் சந்த மலாய். அவ "போலே, போலே"ன்னு, ஆகட்டும் ஆகட்டும்னு, நடுத்தட்டு முழுக்க எடுத்துட்டு, தொடச்சு, என் டப்பாவ வச்சுக் கதவ மூடினா. நான் சாமி கும்பிட்டுட்டு வந்து படுத்துட்டேன்.

நான் போனப்புறம் அவ புருஷன் டுரியான் வாங்கிட்டு வந்திருக்கான், உரிச்சா மாடியே நாறுமே அது. சீசன் முடியிற நேரம், மலிவு. உரிச்சு, கிண்ணத்துல போட்டு, மேல ஒரு தட்டக் கவுத்து, கீழ்த்தட்டுல வச்சிருக்கா ஆ மெய். என் டப்பா மூடியில ஓட்ட. பூவுக்கு மூச்சு வேணும்னு நானே ஆணியால குத்தினது.

விடியக்காலையில டப்பாவ வாங்கினேன். எனக்கு ஒன்னும் தெரியல. பூக்கட்டுறவ மூக்கு எப்பவோ செத்துப் போச்சு, மூக்கோட ஒட்டி வச்சாத்தான் தெரியும், அதோட ஆ மெய் வீட்டுல டுரியான் வாசம் வருஷம் பாதி நாளு இருக்கும். கீழ வந்து டாக்சி புடிச்சேன். டிரைவர் மலாய்க்காரர், வயசானவரு. நான் உக்காந்ததும் கண்ணாடியில பாத்தாரு.

"மாக்சிக்"னாரு, மலாய்ல அம்மாங்கற மாதிரி. "டுரியான் ஏத்தக் கூடாது."

"டுரியான் இல்ல பாக்சிக், பெரியவரே. பூ."

"நான் அம்பது வருஷமா டுரியான் சாப்பிடுறவன். எறங்குங்க."

எனக்கு ரோஷம் வந்துடுச்சு. டப்பாவத் தெறந்து அவர் மூக்குக்கு நேரா நீட்டினேன். அவர் ஜடையப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, மறுபடி மோந்தாரு. "ரொம்ப அழகு"ன்னாரு. "ஆனா டுரியான்." அப்பத்தான் நான் என் முகத்த டப்பாக்குள்ள விட்டு மோந்தேன். மல்லிக வாசமே இல்ல. மொட்டெல்லாம் முத்து மாதிரி இருக்கு, அத்தனையும் டுரியான். சரஸ்வதியம்மா முகம்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. மாப்பிள்ள தாலி கட்டக் குனிவாரு, மூக்கப் பொத்திக்குவாரு.

கண்ணாடிய எறக்கி விட்டு, "தேக்கா போங்க, சீக்கிரம்"னேன். பாவம் அந்த மனுஷன், கூட்டிக்கிட்டுப் போனாரு.

கடை அப்பத்தான் தெறக்குது. முதலாளி ஊதுவத்தி கொளுத்திக்கிட்டு இருந்தாரு. நான் டப்பாவ நீட்டினேன். அவரு ஜடைய ரெண்டு விரலால தூக்கினாரு. ஒரு உதறு. ஒரு மொட்டு உதிரல. அப்புறம் மோந்தாரு.

"தையல்ல குத்தம் இல்ல கமலா"ன்னாரு. "முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கு. ஆனா இன்னொன்னு தைக்கிற அளவுக்கு இல்ல. வழக்கம் போல தலையிலயே தச்சாலும் பாதி ஜடைதான் வரும். என்ன செய்யப் போற?"

என் பையில எப்பவும் ஒரு கித்தான் துண்டு கெடக்கும், முடி அளவு பாக்குறதுக்கு. அத எடுத்தேன். ஒரு ஆளா தச்சா முடியாது. எல்லாரும் சேந்து தைக்கலாம்னா, ஜடை ஒன்னுதானே, எத்தன கை அதுல நுழையும்? கித்தான மடிச்சுப் பாத்தேன், விரிச்சுப் பாத்தேன். முதலாளியோட கத்திரி பக்கத்துல இருந்துச்சு. குறுக்க வெட்டினேன். மூணு துண்டு. கழுத்துக்கு ஒன்னு, நடுவுக்கு ஒன்னு, முனைக்கு ஒன்னு.

"மொட்டுக் கூடைய குடுங்க முதலாளி."

அன்னைக்கு வந்த கூடையப் பிரிக்காம அப்படியே தூக்கிக் குடுத்தாரு.

கல்யாணம் கோயில் மண்டபத்துல. மாடி ரூம்ல ராதா பட்டுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. சுத்தி பொம்பளைங்க, பத்துப் பன்னெண்டு பேரு இருக்கும். எல்லார் மூஞ்சியும் தூக்கி வச்சிருக்கு. செஞ்சு வச்ச ஜடை வருதுன்னதும் அவங்களுக்குக் கை வேல இல்லாம போச்சு, காலையிலேர்ந்து சும்மா உக்காந்திருக்காங்க. முதலாளி அன்னைக்கு சொன்னது எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

"எங்க ஜடை?"ன்னாங்க சரஸ்வதியம்மா.

"டுரியான் வாசம் ஏறிடுச்சும்மா. அது வேணாம். இன்னொன்னு தைக்கணும்."

சரஸ்வதியம்மா மெதுவா எந்திரிச்சாங்க. "அப்பவே சொன்னேன். என் பொண்ணு கல்யாணத்துக்கு நீ பழக்கடை வைக்க வந்தியா பூக்காரம்மா?"

ராதா சிரிச்சுட்டா. அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாத்துச்சு. "அம்மா, திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம். அக்கா, நான் குனியணுமா?"

"நீ குனிய வேணாம் கண்ணு. நீ மைலோ குடி." நான் தரையில பாய விரிச்சு உக்காந்தேன். மூணு கித்தான் துண்டையும் முன்னால போட்டேன். "எல்லாரும் வாங்கம்மா. ஒரு துண்டுக்கு நாலு பேரு. ரெண்டு பேரு மொட்டு எடுத்துக் குடுங்க, ரெண்டு பேரு தைங்க. நான் ஓரம் புடிக்கிறேன்."

யாரும் அசையல. அப்புறம் ராதாவோட பெரியத்த, கண்ணாடி போட்ட கெழவி, முந்தானைய இழுத்து சொருகிக்கிட்டு வந்து உக்காந்துச்சு. "நடுத்துண்டு எனக்கு. மத்தவங்க தையல் எனக்குப் புடிக்காது." அவ்ளோதான். அப்புறம் இடம் பத்தல. "ஏய், உன் வரிச கோணல்டி, உன் புருஷன் மீச மாதிரி." "என் புருஷன் மீசைய நீ எதுக்குப் பாத்த?" ஒரே கேலி, ஒரே சிரிப்பு. கழுத்துத் துண்டுல ஒரு வரிச மிச்சம் இருந்தப்பவும் சரஸ்வதியம்மா வாசல்ல நின்னுக்கிட்டே பாத்தாங்க. நான் ஊசியில நூல கோத்து அவங்க பக்கம் நீட்டினேன். அவங்க வந்து உக்காந்து, பொண்ணு கழுத்துக்குப் பக்கத்துல வர்ற கடைசி வரிசைய அவங்களே தச்சாங்க. ஒவ்வொரு மொட்டையும் இழுத்து இறுக்கினாங்க. கண்ணு தண்ணியா இருந்துச்சு.

மூணு துண்டையும் சேத்துத் தச்சு ராதாவுக்குக் கட்டி விட்டேன். மேளம் ஆரம்பிக்கும்போது ராதா எந்திரிச்சு நின்னா, நிமிந்து. சரஸ்வதியம்மா பின்னால போயி, குனிஞ்சு மோந்து பாத்தாங்க. மோந்து பாத்துட்டு என்கிட்ட, "எல்லார் கையும் பட்டிருக்கு. என் கல்யாணத்துல கூட இத்தன கை படல"ன்னாங்க. அப்புறம் கொஞ்சம் தள்ளிப் போயி திரும்பி, "அந்த டுரியான் ஜடைய மாப்பிள்ள வீட்டுக்குக் குடுத்துடாத"ன்னாங்க.

மத்தியானம் கல்யாணச் சாப்பாடு முடிச்சுட்டு கடைக்கு நடந்தேன். சொன்ன ஜடை போகலயே, வேற ஜடைதானே போச்சு. அது முடிஞ்ச கணக்கா, முடியாத கணக்கா? தூணோரத்துல பாத்தேன். என் பலகை தரையில இல்ல. செவுத்துல சாத்தி நிறுத்தியிருந்துச்சு. யாரோ கழுவி, காயறதுக்கு வச்ச மாதிரி.

முதலாளி உள்ளேர்ந்து பாத்தாரு. வாழ்த்தெல்லாம் இல்ல. கடைக்கு வர்ற ஆளுங்கள கேப்பாரே, அதே குரல்ல, "வாம்மா. நாளைக்கு எவ்ளோ மொட்டு எடுத்து வைக்கணும்?"னாரு.

அவ்ளோதான் ஸ்டெல்லா என் கம்பெனி. ஆ மெய் அழுதுக்கிட்டே வந்து மன்னிப்புக் கேட்டா, அந்த ஜடைய அவளே வாங்கிக்கிட்டா. ஹால்ல மாட்டி வச்சுக்கிட்டு "வாங்கி, வாங்கி"ன்னா, மலாய்ல வாசம்னு அர்த்தம், நல்ல வாசமாம் அவளுக்கு. அப்புறம் அவதான் என்கிட்ட மொதல்ல தைக்க வந்தவ. அவ தச்சத முதலாளிகிட்ட காட்டினப்போ, ஒரு உதறுலயே ஆணியில மாட்டிட்டாரு. காரிடார்ல பாய் போட்டு ஆளுக்கு ஒரு துண்டு தைப்போம், எங்க பிளாக்குப் பொம்பளைங்க எல்லாம். உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி ஜொகூருக்கும் போச்சு எங்க ஜடை. எங்க வீட்டுக்காரர் பஸ்ல டப்பாவ மடியில வச்சுக்கிட்டுப் போவாரு, யாராவது கேட்டா "கம்பெனி சரக்கு"ன்னு சொல்லுவாரு, மீசையத் தடவிக்கிட்டு. ஒவ்வொரு ஜடையிலயும் கழுத்துப் பக்கம் ஒரு வரிசைய தைக்காம விட்டுத்தான் அனுப்புவேன், கூடவே ஊசி, நூலு, ஒரு கை மொட்டு. நான் முட்டி வலியில விடுற வரைக்கும் அத மாத்தல. ஜெனிகிட்ட சொல்லு, கேக்க முழுசா முடிச்சுக் குடுக்க வேணாம், வீட்டு ஆளுங்களுக்கு மேல ஏதாவது ஒன்னு வைக்க மிச்சம் விடணும். அப்பத்தான் அது அவங்க கேக்கு. வேலைய விடட்டும். நான் சொன்னேன்னு சொல்லு.

மோந்து பாரு, என்ன வாசம் வருது? எனக்குத்தான் கிட்டப் போகாம ஒரு வாசமும் தெரியாது. ஸ்டெல்லா, அந்த டுரியான எங்க வச்ச? ஃபிரிட்ஜிலயா? நாளைக்கு வெள்ளிக்கிழமை, அம்மனுக்குக் கட்டின மால அதுலதானே இருக்கு. கையக் குடு, என்னைத் தூக்கி விடு. நீ போயி ஃபிரிட்ஜு கதவத் தெற, நான் ஊசி டப்பாவ எடுத்துட்டு வரேன்.